கவிழ்ந்த டம்ளர்

இப்போதெல்லாம் சாவு வீட்டுக்கு வருகிறவர்கள் செத்தவர் முகத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வீட்டைச் சுற்றிப் பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். கொத்தனாரின் மனைவி கூடத்தில் கிடக்கிறாள். அவளுக்குப் படம் போடக் கற்றுக்கொடுத்த வாத்தியாரோ சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். கொத்தனாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சுவரில் மாட்டியிருந்தது அவள் கடைசியாக வரைந்த படம். சாப்பாட்டு மேசைமேல் ஒரு கவிழ்ந்த டம்ளர், அறுத்த எலுமிச்சையில் பாதி, காலியான மாத்திரை அட்டை.

"பாத்தீங்களாய்யா," வாத்தியார் குரலைத் தாழ்த்தினார். "குடிச்சு முடிச்ச டம்ளர், காஞ்சுபோன பழம், தீந்துபோன மாத்திரை. அம்மாவுக்கு முடிவு தெரிஞ்சிருக்கு."

"என்னத்த தெரிஞ்சிருக்கு? அது என் டம்ளரு. ஈ மொய்க்கும்னு நாந்தான் கவுத்து வைப்பேன். கண்ணு முன்னால கெடந்ததப் பாத்து வரைஞ்சா. மொட்டத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடாதீங்க."

"அப்ப மாத்திரை?"

"தலைவலிக்குப் போடுறது. அவளே சொன்னா."

முந்தாநாள் அடுப்படியில் மயங்கி விழும்வரை அவளுக்கு ஒன்றுமில்லை. தெரிந்திருந்தால் அவரிடம் சொல்லாமலா இருந்திருப்பாள்?

தலைமாட்டில் இருந்த மகள் நிமிராமலே சொன்னாள். "அது தலைவலி மாத்திரை இல்லப்பா."

யாரோ இருமினார்கள். மகள் போர்வையின் ஓரத்தை நீவிவிட்டாள்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"படம் வரையறதுக்கு முன்னாடியே. உங்ககிட்ட மூச்சு விடக் கூடாதுன்னாங்க. 'அந்த மனுஷன் டாக்டர் சட்டையப் புடிப்பாரு, இருக்கிற வீட்டையும் வித்துருவாரு. அவர் சாப்பிடுற எடத்துக்கு எதுக்க மாட்டி வைக்கிறேன், என்னன்னு கேட்டார்னா சொல்லிடுறேன்'னாங்க."

ஆணி அடித்துக் கொடுத்தவரே அவர்தான். தினமும் அதைப் பார்த்தபடிதான் சாப்பிட்டார். எலுமிச்சம்பழம் நெசம் மாதிரியே இருக்கு என்று ஒருநாள் சொன்னார். அவள் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள்.

"சொல்றதுன்னா வாயத் தொறந்து சொல்லணும்," என்றார் கொத்தனார். "படமா போடுவாங்க? அவ அப்படிப்பட்டவ இல்ல. நீ எதையோ தப்பா வெளங்கிட்டிருக்க."



வாசலில் அமரர் ஊர்தியின் சத்தம் கேட்டது. கொத்தனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார். வண்டி பின்பக்கமாகச் சந்துக்குள் வந்துகொண்டிருந்தது. அவர் அதன் பின்னால் போய் நின்று கையை ஆட்டினார்.

"வா... வா... இன்னும் வா..."

டிரைவர் என்ஜினை அணைத்துவிட்டு இறங்கி வந்தான்.

"நிறுத்திட்டேன் பெரியவரே."

"வா," என்றார் அவர், கையை ஆட்டியபடியே.