3172-ஆம் எண்ணின் நிழல்கள்

விபெகே ஸ்கோவின் நிழல் கொரியா நேரப்படி விழுந்தது. டென்மார்க்கின் ஓர்ஹூஸ் நகரில் காலை எட்டு மணிக்கு எல்லோருடைய நிழலும் மேற்கே நீண்டு கிடக்கும்போது, அவளுடையது மட்டும் மாலை நான்கு மணி நிழலாகக் கிழக்கே கிடக்கும். குளிர்காலத்தில் ஒன்பதரைக்கெல்லாம் அது காணாமல் போகும். கொரியாவில் அப்போது பொழுது சாய்ந்துவிடும். மீதி நாளெல்லாம் நிழல் இல்லாமலே பல் மருத்துவரிடம் உதவியாளராக வேலை பார்த்தாள். வாய் திறந்து படுத்திருப்பவர்கள் கவனிப்பதில்லை என்பது அவளுக்கு வசதியாக இருந்தது.

1993 நவம்பரில் ஒரு சனிக்கிழமை காலை அவள் எங்கள் சங்கத்துக்கு வந்தாள். நாங்கள் பதினொரு பேர். எல்லோரும் கைக்குழந்தையிலேயே தத்துக் கொடுக்கப்பட்டுக் கொரியாவிலிருந்து விமானத்தில் வந்து இறங்கி, கறுப்பு ரொட்டியும் உருளைக்கிழங்கும் தின்று வளர்ந்தவர்கள். தேவாலயத்தின் நிலவறையில் சனிக்கிழமைதோறும் கூடி, ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு கொரிய ஊறுகாய்க்காக முட்டைக்கோஸில் மிளகாய் பிசைவோம்; ஒரே ஒரு கொரிய அகராதியை வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டுவோம். சந்தேகம் எங்கள் கூடப்பிறந்தது. கூடப்பிறந்தது என்று நாங்கள் நிச்சயமாகச் சொல்லக்கூடியது அது ஒன்றுதான். எங்களை அனுப்பியவர்கள் காகிதத்தில் எழுதிய ஊர், பெயர், தேதி எதையும் நம்புவதில்லை என்பதால் சங்கத்தில் யாருக்கும் யாரும் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்வதில்லை.

நிழலை முதலில் பார்த்தவன் எலக்ட்ரீஷியன் யெப்பே. "ஏதோ கண்கட்டு வேலை" என்று சொல்லி விளக்கைத் தூக்கிக்கொண்டு அவளைச் சுற்றி வந்தான். எங்கள் நிழல்கள் விளக்குக்குப் பயந்து ஓடின. அவளுடையது அசையவில்லை. ஒன்பதரை ஆனதும் தானாக மறைந்தது. "சரி, வித்தை நல்லாத்தான் இருக்கு. யாரு உன்ன அனுப்பினது?" என்றான். அவள் பையிலிருந்து தன் தத்துப் பதிவுக் கோப்பை எடுத்து மேசையில் வைத்தாள். எண் 3172. பெயர் சா ஓக்பூன். கொரியாவின் குன்சான் துறைமுகப் பேருந்து நிலையத்தில் நீலப் போர்வையில் கிடைத்த குழந்தை.

டோர்தாவின் கையிலிருந்த முட்டைக்கோஸ் தரையில் விழுந்தது. நகரப் பேருந்து ஓட்டுகிற டோர்தாவிடமும் அதே கோப்பு இருந்தது. அதே எண், அதே பெயர், அதே நீலப் போர்வை. நான்கு வருடமாக அவள் குன்சான் செய்தித்தாளுக்கு அந்தப் பெயரைப் போட்டுக் கடிதம் எழுதித் தாயைத் தேடிக்கொண்டிருந்தாள். ஒரு குழந்தைக்கு நோய் வந்திருக்கும், அதன் காகிதத்தில் இன்னொன்றை ஏற்றி அனுப்பிவிட்டு, தேறியதும் அதையும் அதே காகிதத்தில் அனுப்பியிருப்பார்கள் என்று எங்களுக்கு உடனே புரிந்தது. எது எந்தக் குழந்தை என்பதுதான் புரியவில்லை.

"உன் நிழலே சொல்லுது நீதான் அசல்னு. அப்ப நான் யாரு?" என்று கேட்டாள் டோர்தா.

"அந்த நிழல் மேல எனக்கே நம்பிக்கை இல்ல. வேணும்னா நீ வச்சுக்கோ" என்றாள் விபெகே.

தாய் கிடைத்தால் இரத்தப் பரிசோதனை செய்யலாம் என்ற பேச்சை இருவருமே எடுக்கவில்லை. தோற்பவளுக்கு அதற்குமேல் தேட ஒரு பெயர்கூட இருக்காது. ஒருவரை ஒருவர் கண்காணிப்பதற்காகவே அந்தக் குளிர்காலம் முழுவதும் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

ஏப்ரலில் குன்சானிலிருந்து கடிதம் வந்தது. டோர்தாவின் செய்தித்தாள் கடிதத்தைப் பார்த்து எழுதியவர், யோம் சூன்யே என்ற பெண். அகராதி வைத்துப் படித்தோம். 'எங்கள் மகள் ஓக்பூனுக்கு. உன் அப்பா இறந்துவிட்டார். நான் தனியாக இருக்கிறேன். எங்கள் வீட்டுக்கு வா.' டேனிஷ் மொழியில் 'என் மகள்', 'என் வீடு' என்றுதான் சொல்வோம். யெப்பேவுக்கு மூக்கு வியர்த்தது. "தனியா இருக்காங்களாம். அப்புறம் 'எங்க வீடு'ன்னா கூட யாரு இருக்கா? இதுல ஏதோ இருக்கு." மூன்று சனிக்கிழமை இதே பேச்சு. முட்டைக்கோஸ் புளித்தே போனது. கடைசியில் டோர்தா தீர்த்துவைத்தாள். கொரிய மொழியில் பெயர்ச்சொல்லுக்குப் பன்மை கட்டாயமில்லை என்று அகராதி சொல்கிறது. 'மகள்' என்றால் மகள்கள் என்றும் ஆகலாம். கடிதத்தில் 'எங்கள்' என்ற பன்மை இருக்கிறது. தாய் ஒருத்தி, தனியாள். எனவே பன்மை மகள் பக்கம்தான் இருக்க வேண்டும். இரட்டைப் பிள்ளைகள். ஒரே எண்ணில் இருவரையும் அனுப்பிவிட்டார்கள்.

யாருக்கும் மறுப்பில்லை. இருவரும் ஒருவரையொருவர் அக்கா என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். தங்கையாக இருப்பதில் ஏதோ லாபம் இருந்திருக்க வேண்டும். பேருந்து வேலை முடிந்து பிற்பகலில் டோர்தா வந்தால், நிழலில்லாத விபெகேயைத் தன் நிழல் பக்கமாக நடத்திக்கொண்டு போவாள். டோர்தா அந்த ஒன்றரை வருடம் சந்தோஷமாக இருந்தாள். நாங்கள் அதற்கு முன் அவளை அப்படிப் பார்த்ததில்லை.

1995 அக்டோபரில் யெப்பேயும் துணைக்கு வர, இருவரும் குன்சான் போனார்கள். அங்கே விபெகேயின் நிழல் முதல்முறையாக ஊரோடு ஒத்து விழுந்தது. டோர்தாவின் நிழல் டென்மார்க் நேரத்திலேயே நின்றுவிட்டது. மாலை நான்கு மணிக்குத் துறைமுகச் சந்தில் எல்லோர் நிழலும் கிழக்கே கிடக்க, அவளுடையது மேற்கே கிடந்தது. சூன்யே அம்மாள் முற்றத்தில் பாய் விரித்து மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தார். ஒருத்தியை எதிர்பார்த்தவர் இருவரைப் பார்த்து எழுந்திருக்காமலே இருந்தார்.

மொழிபெயர்க்க வந்த பக்கத்து வீட்டு ஆங்கில வாத்தியார், இரட்டைப் பிள்ளைக் கணக்கைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "தனிக்கட்டைகூட இங்க 'எங்க வீடு'ன்னுதான் சொல்லுவான். 'எங்க பொண்டாட்டி'ன்னே சொல்லுவோம். அதுக்காக அவ ஊருக்கே பொண்டாட்டியா?"

"நான் பெத்தது ஒண்ணுதான்" என்றார் சூன்யே அம்மாள்.

சந்தில் கூடியவர்கள் தரையையே பார்த்தார்கள். "இவதான் நம்ம பொண்ணு, நிழலே சொல்லுதே. அவ யாரோ" என்றாள் மீன் விற்கிறவள். விபெகே டோர்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. சூன்யே அம்மாள் மேற்கே கிடந்த நிழலை வெகுநேரம் சந்தேகத்தோடு பார்த்தார். பிறகு டோர்தாவிடம் கேட்டார்: "உங்க ஊர்ல இப்ப மணி என்ன?"

"காலைல எட்டு."

"அப்ப நீ இன்னும் சாப்பிட்டிருக்க மாட்ட. உள்ள போ, சோறு இருக்கு." விபெகே பக்கம் திரும்பினார். "நீ சாப்பிட்டிருப்ப. வந்து பாயப் பிடி."

இரத்தப் பரிசோதனை செய்யலாமா என்று யெப்பே வாத்தியார் மூலம் கேட்டுப் பார்த்தான். அம்மாளுக்கு அது காதில் விழவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு அக்டோபரிலும் இருவரும் போகிறார்கள். கிழக்கே ஒரு நிழலும் மேற்கே ஒரு நிழலும் விழுவதால், இரண்டும் மேலே படாதபடி மிளகாய்ப் பாய் இப்போது முற்றத்தின் தெற்கு ஓரத்தில் கிடக்கிறது.