அண்ணன் என்றொரு நாமம்

அந்தச் சபையில் அவருக்கு அகராதி என்று பெயர். லிஃப்ட் மெக்கானிக்குக்கு அப்படியொரு பெயர் எப்படி வந்தது என்றால், வாயால்தான் வந்தது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பின்னறையில் பெரியவர்களுக்கு வேதபாடம் நடத்துகிறவர் அவர். மேசியா என்று சும்மா சொல்லிவிட்டு யாரும் அங்கிருந்து தப்பிவிட முடியாது. "நில்லுங்க. மேசியான்னா அபிஷேகம் பண்ணப்பட்டவர். அந்தக் காலத்துல யார் தலையில எண்ணெய் ஊத்தினாங்க? ராஜா தலையில, ஆசாரியன் தலையில" என்று பிடித்துக்கொள்வார். விட்டால் வீட்டில் சாப்பாடு ஆறிப்போகும் வரைக்கும் பேசுவார். ஆனாலும் ஆளைக் குறை சொல்ல முடியாது. அந்தப் பெயர்கள் என்றால் அவருக்கு உயிர்.

அந்த வாரப் பாடம் 'இயேசுவின் நாமங்கள்'. போதகரும் வந்து உட்காரப்போகிறார், பிடித்துப்போனால் ஒரு ஞாயிறு பிரசங்கத்தையே அகராதியிடம் கொடுத்துவிடுவார் என்று பேச்சு அடிபட்டது. பிறகு கேட்கவா வேண்டும்! அகராதிக்குத் தரையில் கால் பாவவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் ஓர் அலுவலகக் கட்டிடத்தின் உச்சியில், மெஷின் ரூமில், மோட்டார் மேலிருந்த பழைய கிரீஸைத் துணியால் வழித்தபடி 'மனுஷகுமாரன்' பகுதியை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது தங்கையின் போன் வந்தது. அவள் குடியிருக்கும் கட்டிடத்தில் லிஃப்ட் அடிக்கடி மக்கர் செய்தது. "நீங்க வந்து ஒருவாட்டி பாருங்கண்ணா" என்று அவளும் நச்சரித்துக்கொண்டிருந்தாள். அவரும் நாளைக்கு, அடுத்த வாரம் என்று போக்குக் காட்டிக்கொண்டிருந்தார். அதே பல்லவிதான் என்று நினைத்து அழைப்பைத் துண்டித்தார். மறுபடியும் அடித்தது. இந்த முறை போனையே அணைத்து ஸ்பேனர் பைக்குள் போட்டுவிட்டு, மனுஷகுமாரனிடம் திரும்பினார். சாயங்காலம் போனை ஆன் செய்த பிறகும் அவள் கூப்பிடவில்லை. அவரும் கூப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பாடம் அமோகமாக நடந்தது. தாவீதின் குமாரன் என்று அழைத்தவர்கள் எந்த ராஜாவை எதிர்பார்த்தார்கள், தேவ ஆட்டுக்குட்டி என்றால் ஏன் ஆட்டுக்குட்டி என்று அகராதி விளாசித் தள்ளினார். போதகர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். அந்த வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. கடைசியில் ஒவ்வொருவராக எழுந்து, 'எனக்கு அவர் யார்' என்று ஒரே ஒரு நாமம் சொல்ல வேண்டும். அகராதி அதைப் பலகையில் எழுதுவார்.

"நல்ல மேய்ப்பர்" என்றார் ஓய்வுபெற்ற தபால்காரர்.

"ஆடு சொன்ன பேச்சைக் கேக்குதான்னு வீட்டம்மாதான் சொல்லணும்" என்று யாரோ போட்டார்கள். அறையே சிரித்தது. பல் டாக்டரம்மா இம்மானுவேல் என்றார். நம்மோடு இருக்கிறவர்.

கடைசி பெஞ்சில் தங்கை இருந்தாள். தாமதமாகத்தான் வந்திருந்தாள். முகம் வீங்கியிருந்தது. தாமதமாக வந்ததை மட்டும் அகராதி கவனித்து வைத்திருந்தார்.

"எனக்கு அண்ணன்" என்றாள்.

சாக்பீஸ் பலகைக்குப் போகாமல் நின்றது. "அது உறவும்மா. நாமம் கிடையாது. இவ்வளவு நேரம் கேட்டியே, அதுல ஒண்ணு சொல்லு."

நம்மைச் சகோதரர் என்று சொல்ல இயேசு வெட்கப்படுவதில்லை என்று எபிரெயருக்கு எழுதிய நிருபத்தில் இருப்பது அகராதிக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் போதகர் முன்னால் சொந்தத் தங்கைக்கு இடம் கொடுத்ததாக ஆகிவிடக் கூடாது.

"இல்லண்ணா. அதான் எனக்குத் தெரிஞ்ச பேரு" என்றாள். "வியாழக்கிழமை எங்க வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலி வந்துச்சு. ஆறாவது மாடி. லிஃப்ட் ஓடல. மாடிப்படியில நின்னு அண்ணா அண்ணான்னு கத்தினேன். வந்தாரு. அவ்வளவுதான்."

எல்லோரும் அகராதியைத் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். பிறகென்ன?

"பாருங்க, இவ்வளவு நடந்திருக்கு, மனுஷன் வாயைத் திறக்கலையே!" என்றார் பல் டாக்டரம்மா. தபால்காரர் கைதட்டினார். போதகர் எழுந்தே விட்டார். "போதிக்கிறதையே செய்யிறவர். இதைத்தான் நான் தேடிக்கிட்டு இருந்தேன்."

அகராதியின் உதட்டில் ஒரு சின்னச் சிரிப்பு வந்தது. அவர் வரவழைக்கவில்லை, தானாகவே வந்தது. அதுதான் கேவலம். தங்கையைப் பார்த்தார். அவள் குனிந்து கைக்குட்டையை மடித்துக்கொண்டிருந்தாள். காட்டிக்கொடுக்க மாட்டாள் என்று தெரிந்தது. சும்மா இருந்தால் போதும், மேடை அவருக்குத்தான். கைதட்டல் ஓயும்வரை சும்மாதான் இருந்தார். அதற்குள் காது மடலெல்லாம் சுட்டது.

"நான் போகல" என்றார். யாருக்கும் கேட்கவில்லை. திரும்பச் சொன்னார். "நான் போகலீங்க. போன் பண்ணினா. கட் பண்ணிட்டேன். இந்தப் பாடத்தைப் படிச்சிட்டு இருந்தேன்."

எல்லோருடைய தலையும் கடைசி பெஞ்சுப் பக்கம் திரும்பியது.

"நான் உங்களைச் சொல்லலைண்ணா" என்றாள் தங்கை. குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "கீழ்வீட்டுக்காரர், எனக்குப் பேர்கூடத் தெரியாது, நாற்காலியைத் தூக்கிட்டு ஓடி வந்தாரு. அதுலயே உக்கார வெச்சு இறக்கினாங்க. அவரை யார் அனுப்பினாங்கன்னு எனக்குத் தெரியும். அந்த அண்ணனைத்தான் சொன்னேன்."

போதகர் மெதுவாக உட்கார்ந்தார். அகராதி சாக்பீஸைக் கீழே வைத்தார்.

"மாப்பிள்ளை... இப்ப வீட்டுல இருக்காரா?"

"ஆஸ்பத்திரில."

"எந்த ஆஸ்பத்திரி?"

கேட்ட பிறகுதான், தான் கேட்டது அவர் காதிலேயே விழுந்தது. தபால்காரர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தங்கை ஆஸ்பத்திரியைச் சொன்னாள். வார்டைச் சொன்னாள். கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தவள், ஏதோ நினைவு வந்தவளாக நின்றாள்.

"இப்பவே கிளம்பிடாதீங்கண்ணா. வீட்டு ஆளுங்களைத்தான் எப்பவும் விடுவாங்க. பார்க்க வர்றவங்களைச் சாயங்காலம்தான் விடுவாங்க."