கசேரா

என் அண்ணன் புவனேந்திரனுக்கு அறுபது வயதில் காதல் வந்தது. இதை நேரே சொன்னால் தராசைத் தூக்கி என் தலையில் போடுவார். அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

லண்டன் ரெய்னர்ஸ் லேனில் எங்களுக்கு மரக்கறிக் கடை. காசு வாங்கும் டில்லில் நான், மூட்டையும் தராசும் அவர். அண்ணி இறந்த பிறகு ஜெர்மனியை விட்டு என்னிடம் வந்தவர். வாயைத் திறந்தால் பல் கொட்டிவிடும் என்று பயப்படுகிற ஆள்.

ஒரு சனிக்கிழமை வில்மா வந்தாள். அப்போது அந்தப் பெயர் எங்களுக்குத் தெரியாது. கிளீனிங் கம்பனியின் நீலச் சட்டையோடு வாசலில் நின்று, என்னைப் பார்த்துச் சிரித்து, "கசேரா!" என்றாள். உள்ளே மூட்டை பிரித்துக்கொண்டிருந்த அண்ணன், அவள் தன் பெயரைச் சொல்கிறாள் என்று நினைத்துவிட்டார். நானும்தான். அடுத்த சனிக்கிழமை அவளைக் கண்டதும், "வாங்கோ, கசேரா" என்றார். அவளுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "கசேரோ!" என்று அவரைத் திருப்பிக் கூப்பிட்டாள்.

அன்று கடை பூட்டும்போது அண்ணன் சொன்னார்: "சுசிலா, அவ தன்ர பேரையே ஆம்பிளைப் பேராக்கி எனக்கு வைச்சிருக்கிறா."

"ஓம், இனித் தாலியும் அவவே கட்டுவா" என்றேன். முறைத்தார். ஆனால் சிரிப்பை ஒளிக்க அவருக்குத் தெரியவில்லை.

மரவள்ளிக்கிழங்கும் கச்சான் கடலையும்தான் அவள் வாங்குவது. கச்சானை அரைத்து சூப் வைப்பாளாம். நிறுத்துப் போட்ட பிறகும் பையை விரித்துப் பிடித்தபடி நிற்பாள். "யாப்பா, கசேரோ" என்பாள். இந்தியாக்காரர் கொசுறு என்பார்களே, அது. மேலாக ஒரு பிடி. என்னிடம் கேட்டிருந்தால் கிடைத்திருக்காது. அண்ணன் அள்ளிப் போடுவார்.

அவளுக்குச் சொந்த நாடு பொலிவியா. தகப்பன் ஈயச் சுரங்கத்தில் வேலை செய்தவர். சுரங்கத்தை மூடிவிட, குடும்பம் கொச்சபம்பா நகரத்துக்குப் பிழைக்கப் போனது. பிறகு இவள் ஸ்பெயினுக்குப் போய் வயதானவர்களைப் பார்த்தாள். அங்கே வேலை இல்லாமல் போனபோது, ஸ்பெயின் பாஸ்போர்ட்டோடு லண்டனுக்கு வந்துவிட்டாள். எல்லாம் உடைந்த இங்கிலீஷில் சொன்ன கதை.

"எங்கள் நாடு முதலில் வெள்ளியை வெளியே அனுப்பியது. பிறகு ஈயம், பிறகு காஸ். கடைசியில் பெண்களை அனுப்பியது" என்றாள்.

"எங்கட நாடு நேரா ஆக்களிலயே துவங்கிட்டுது" என்று அண்ணன் அவளுக்கு இங்கிலீஷில் சொன்னார். அவர் பகிடி விட்டு நான் கேட்டு எத்தனையோ வருடம். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

எல்லாவற்றையும் கெடுத்தவன் பார்சல் கொண்டுவருகிற பையன், எக்வடோர்க்காரன். அண்ணன் அவளைக் கூப்பிடுவதைக் கேட்டு, அவள் போன பிறகு விழுந்து விழுந்து சிரித்தான். கசேரா என்பது பெயரே இல்லையாம். அந்தப் பக்கத்துச் சந்தைகளில் விற்பவரும் வாடிக்கையாக வாங்குபவரும் ஒருவரையொருவர் கூப்பிடுகிற சொல்லாம்.

அண்ணனின் முகம் செத்துவிட்டது. "அவ என்னை யாவாரி எண்டுதான் கூப்பிட்டிருக்கிறா. நான் ஒரு விசரன்."

"அதில என்ன அண்ணை பிழை?"

அடுத்த சனிக்கிழமை அவள் வந்ததும், "குட் மோர்னிங், மேடம்" என்றார். தன் நினைப்பில் மரியாதை. அவள் அவரை ஒரு மாதிரிப் பார்த்தாள். யாப்பா கேட்கவில்லை. அவரும் போடவில்லை. பையை மூடிக்கொண்டு போனவள் பிறகு வரவேயில்லை.

அண்ணனோ ஒவ்வொரு சனிக்கிழமையும் புதுப் பெட்டியிலிருந்து நல்ல மரவள்ளியாகப் பார்த்து எடுத்து மேசைக்குக் கீழே வைப்பார். அடுத்த கிழமை அதை எறிந்துவிட்டு வேறு வைப்பார்.

"பழுதாகிற சாமானை ஏன் ஒளிச்சு வைக்கிறியள்?" என்று கத்தினேன்.

"ஆரும் வந்து கேட்டால்?" என்றார். எனக்கு ஆத்திரம் வந்தது. அதைவிட அழுகை வந்தது.

பிறகு ஒரு புதன்கிழமை மத்தியானம் வில்மா வந்தாள். கையில் பை இல்லை. ஊருக்கே திரும்பிப் போகிறாளாம், என்னிடம் சொல்லிவிட்டுப் போக வந்தாளாம். அங்கே அவளுடைய அக்கா சந்தையில் கடை வைத்திருக்கிறாள், கூட வந்து நிற்கச் சொல்கிறாள்.

"அங்கே டொலர் இல்லை, டீசலுக்கு லைன், சாமான் நெருப்பு விலை என்று நீதானே சொன்னாய்?" என்றேன்.

"இங்கே எனக்கு ஒரு கசேரோ இருந்தார்" என்றாள். "எலிபன்ட் அண்ட் காசிலில் என் வீட்டுக்குப் பக்கத்திலேயே மரவள்ளி இருக்கிறது. ஆனால் ஒருவரைக் கசேரோ என்று கூப்பிட்டால் மற்றக் கடைக்குப் போகக் கூடாது. அவரும் எனக்கென்று நல்லதை எடுத்து வைக்க வேண்டும். அதற்காகத்தான் இவ்வளவு தூரம் ட்ரெயின் மாறி மாறி வந்தேன். அவர் மேடம் என்றார். கசேரா என்றவர் மேடம் என்றால், இனி வராதே என்றுதானே அர்த்தம்?"

திரும்பினால், பின்கதவடியில் வெங்காய மூட்டையோடு அண்ணன். எல்லாம் கேட்டுவிட்டார்.

"வாயைத் திறவுங்கோ அண்ணை!" என்று கத்தினேன்.

அவர் வந்து குனிந்து, மேசைக்குக் கீழே இருந்த மரவள்ளியை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

"யாருக்கு?" என்றாள்.

"உனக்குத்தான். ஒவ்வொரு சனிக்கிழமையும் எடுத்து வைப்பார், பழுதானால் எறிந்துவிட்டுப் புதிது வைப்பார்" என்று நான்தான் இங்கிலீஷில் சொன்னேன். பொறுக்க முடியவில்லை.

"போகாதேங்கோ, கசேரா" என்றார் அண்ணன், தமிழிலேயே. அவளுக்குக் கடைசிச் சொல் மட்டும்தான் விளங்கியிருக்கும். அது போதுமாக இருந்தது. சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"என் பெயர் வில்மா. உன் பெயர் என்ன?"

"புவனேந்திரன்."

"புவ... புவனே..." முயன்று பார்த்தாள். தலையை ஆட்டிச் சிரித்தாள். "முடியாது. கசேரோ."

"அக்காவுக்கு என்ன சொல்லுவாய்?" என்று நான் கேட்டேன்.

"எடுத்து வைத்திருக்கிறார் என்று சொல்லுவேன். அவள் சந்தைக்காரி. அவளுக்கு விளங்கும்."

பிறகு தன் நீலச் சட்டையின் நுனியை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தாள். "யாப்பா" என்றாள். அவள் இன்னும் ஒன்றுமே வாங்கவில்லை. அண்ணன் கச்சான் மூட்டைக்குள் இரண்டு கையையும் விட்டார்.