கோலம் போடாத வாசல்

மார்கழிப் பனியில் கண்ணாடி போடாமல் வாசல் தெளிக்க வந்த காமு, ஒரு வாளித் தண்ணீரையும் தூங்கிக்கொண்டிருந்த மனிதன் மேல் வீசிவிட்டாள். கேட்டுக்கு மேலே நீண்டிருக்கும் சிலாப்புக்கு அடியில், சிமெண்டுச் சாக்கைப் போர்த்திக்கொண்டு அவன் படுத்திருந்தான். திட்டப் போகிறான் என்று பயந்தாள். அவனோ பற்கள் கிடுகிடுக்க எழுந்து உட்கார்ந்து, "பரவால்லமா. இருட்டா கீது, நீங்க இன்னா பண்ணுவீங்க" என்றான். திட்டியிருந்தால் விஷயம் அன்றோடு முடிந்திருக்கும்.

பழைய கம்பளி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். பெயர் தயாளன் என்றான். தாம்பரம் மார்க்கெட்டில் ராத்திரியெல்லாம் மூட்டை இறக்குகிறவன். "தங்கிக்கினு இருந்த கொட்டாயப் பிரிச்சுட்டாங்கமா. ஸ்டேஷன்ல படுத்தா எழுப்பி வுடறாங்க. வெயில் வந்ததும் நானே போயிடுவேன்."

மறுநாளும் வந்து படுத்திருந்தான். கம்பளிக்கு வெளியே ஒரு முழங்கால் மட்டும் தெரிந்தது. காமு வாளியோடு உள்ளே திரும்பிவிட்டாள். அவன் போனதும் கோலம் போட்டுக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தாள். அப்புறம் கணவர் சாம்பசிவனுக்கு மாத்திரை, கஞ்சி என்று ஓடியதில் சுத்தமாக மறந்துபோனாள்.

சிட்லபாக்கத்தில் அந்தத் தெருவில் மார்கழி மாதம் ஒரு வாசல் வெறுமனே கிடந்தால் ஒன்று அந்த வீட்டில் திதி, இல்லாவிட்டால் சாவு. காமு வீட்டுத் திதி ஆவணியில் என்பது தெருவுக்கே தெரியும். சாம்பசிவனோ இருதய ஆபரேஷன் முடிந்து போன வாரம்தான் வீடு திரும்பியிருந்தார். கேட்கவா வேண்டும். எதிர்வீட்டு வைத்தீஸ்வரன், திரும்பி வந்து குளித்துக்கொள்ளலாம் என்று குளிக்காமலே, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து மணி அடித்தார். கதவைத் திறந்தவர் சாம்பசிவன்.

"சார்... நீங்களா?"

"நான்தான். வேற யாரை எதிர்பார்த்தேள்?"

அவர் அசடு வழிந்துகொண்டே போன பிறகு, நெஞ்சுத் தையல் வலிக்க வலிக்க சாம்பசிவன் சிரித்தார். சாயங்காலத்துக்குள் சிரிப்பு நின்றுவிட்டது.

"காமு, நாளைக்குக் கோலம் போட்டுடு."

"அவன் படுத்திண்டிருப்பானே. கேட்டைத் திறந்து உள்ள படுக்கச் சொல்லட்டுமா?"

"யாரு என்னன்னு தெரியாம உள்ள விடறதா? எழுப்பி அனுப்பு." நெஞ்சுத் தையலைத் தடவிக்கொண்டார். "எனக்கு இதுல எல்லாம் நம்பிக்கை கிடையாது. உனக்கே தெரியும். ஆனா பயமா இருக்கு."

அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையைக் காமு கேட்டதே இல்லை. ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போனபோதுகூட, கேஸ் சிலிண்டர் புக் பண்ணச் சொல்லிவிட்டுப் போன மனிதர்.

அடுத்த நாள் பனி இன்னும் மோசமாக இருந்தது. தயாளன் தூக்கத்திலேயே இருமினான். எழுப்பத்தான் குனிந்தாள். கை போகவில்லை. ராத்திரி முழுக்க மூட்டை சுமந்துவிட்டு இப்போதுதான் கண்ணை மூடியிருப்பான். கோலம் போட்ட வீடுகளில் யாரும் சாகவில்லையா என்ன என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். சரிதான். ஆனால் போடாமல் விட்டு, இவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்? அவளுக்கு அழுகையாக வந்தது. யார்மேல் கோபப்படுவது என்றுகூடத் தெரியவில்லை.

தண்ணீர் தெளிக்காமல், காய்ந்த தரையிலேயே மாவை எடுத்து அவன் தலைமாட்டில் புள்ளி வைக்க ஆரம்பித்தாள். தோளை ஒட்டி, கால்மாட்டைச் சுற்றி, கம்பளியில் மாவு படாமல் இழுத்துக்கொண்டே வந்தாள். பாதியில் நிமிர்ந்து பார்த்தபோது பிணத்தைச் சுற்றி வரைந்த மாதிரி இருந்தது. நடுவே ஓர் ஆள் நீளத்துக்கு இடம் விட்டு, சுற்றிலும் வெள்ளைக் கோடுகள். செய்வது நல்லதா கெட்டதா என்று புரியவில்லை. அழிப்பதற்கும் மனம் வராமல் முடித்துவிட்டாள்.

ஜன்னல் திறக்கும் சத்தம் கேட்டது. சாம்பசிவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

அந்தச் சத்தத்தில் தயாளன் விழித்துக்கொண்டான். சுற்றுமுற்றும் பார்த்தான். "இன்னாமா இது?"

அவன் கம்பளியைச் சுருட்டி மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தான். கோலத்தை விட்டு வெளியே வர ஒரு காலைத் தூக்கினான். தூக்கியவன் அப்படியே நின்றான்.

"எங்கமா வெக்கட்டும்?"

காமு கோலத்தைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள். தூக்கிய கால் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தது.