துரை பேசினால் நகரும் நாற்காலி

இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தால் சொன்ன நாக்கு இந்தக் குளிரில் விறைத்து அண்ணத்தோடு ஒட்டிக்கொள்ளட்டும். கற்பூரம் ஏற்றியே சத்தியம் செய்திருக்கலாம். வாங்கி வைத்தது காற்றோடு போய்விட்டது. ஆகையால் வெறுங்கையில் அடித்த சத்தியத்தையே ஏற்றுக்கொள்ள வேண்டும். நடந்தது சேரம்பாடிப் பக்கம், எண்பத்திரண்டாம் வருடம்.

மருதாம்பாள் சிலோனில் பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். நாலு வயதில் வந்த காய்ச்சல் போகும்போது அவளுடைய இரண்டு கால்களையும் கூடவே கூட்டிக்கொண்டு போய்விட்டது. அதற்குப் பிறகு எங்கே போவதானாலும் அப்பா அய்யாவுவின் முதுகுதான். ஊரார் கொழுந்துக் கூடை மாட்டும் இடத்தில் அவர் மகளை மாட்டிக்கொண்டார். குடும்பத்தோடு தாயகம் திரும்பியபோது அவளுக்கு முப்பது வயது தாண்டிவிட்டது. ராமேஸ்வரத்தில் கப்பலை விட்டு இறங்கியதும் அப்படித்தான். அங்கே குனிந்தபடி எழுதிக்கொண்டிருந்த அதிகாரி ஒருவர், அய்யாவுவின் முதுகில் இருப்பது ஆளா, சாமானா என்று கேட்டார்.

"ஆளுதாங்க. சாமான்னா வரி கேட்டுருவீங்களே," என்றாள் மருதாம்பாள்.

வரிசையே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. இனி ஒருநாளும் யார் முதுகிலும் ஏறுவதில்லை என்று அந்த இடத்திலேயே முடிவு கட்டிவிட்டாள். முடிவு கட்டிய பிறகும் சேரம்பாடித் தோட்டத்து லைன் வீடு வரைக்கும் அப்பாவின் முதுகில்தான் வரவேண்டியிருந்தது என்பது வேறு விஷயம்.

தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் கொட்டகையை இந்தச் சனங்கள் சிலோன் வழக்கப்படி மடுவம் என்பார்கள். அங்கே தராசு பார்த்து எடை கூவுகிற வேலை காலியானது. மூட்டையைத் தராசில் மாட்டுவது அவரவர் பாடு. முள்ளைப் பார்த்து எடையைக் கூவ வேண்டும், அவ்வளவுதான். மருதாம்பாள் லைனில் இருந்து தம்பியைக் கூப்பிட்டால் அடுத்த மலையில் வேறு யாருடைய தம்பியோ வேலையைப் போட்டுவிட்டு ஓடிவருவான். அப்படிப்பட்ட குரல். வேலையைக் கேட்டாள்.

தோட்டத்து மேலதிகாரி தனசிங். சிலோன் சனங்கள் பழக்கத்தில் அவரைத் துரை என்றார்கள். அவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. கெட்ட மனுஷர் இல்லை. மடுவத்துக்குத் தானாக வந்து தானாகப் போகிறவளாக இருந்தால் வேலை அவளுக்குத்தான், தூக்கி வர ஓர் ஆளைத் தோட்டம் தர முடியாது என்று சொல்லிவிட்டார். அய்யாவு தான் தூக்கி வருவதாகச் சொன்னார். தானாக என்றால் தானாக என்றார் துரை. மருதாம்பாளுக்கும் அதில் மறுப்பில்லை. அவள் கேட்டதும் அதைத்தானே.

கூடலூர் மிஷனில் இருந்த ஜெஸிந்தா சிஸ்டரிடம் விஷயம் போனது. சில மாதத்தில் கடல் கடந்து ஒரு நாற்காலி வந்தது. கறுப்புத் தோல் இருக்கை, சைக்கிளுக்குப் பாதி உயரத்தில் சக்கரம், இருக்கைக்கு அடியில் பாட்டரிக்கு ஒரு பெட்டி. வலது கைப்பிடியில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு குச்சி. முன்னால் சாய்த்தால் முன்னால் போகும், விட்டால் நிற்கும். பக்கத்திலேயே ஒரு சுவிட்ச். ஃபாக்டரியில் கொண்டுபோய்ச் சார்ஜ் ஏற்றுவார்கள்; பெட்டியைத் திறந்து பார்த்தவர் ஒருவரும் இல்லை. அது முதன்முதலாக லைன் வாசலில் நகர்ந்த அன்று, கோழிகள் ஒரு வாரத்துக்கு முட்டையை நிறுத்தி வைத்தன. பக்கத்து வீட்டுச் சுப்பம்மா மட்டும் அசரவில்லை.

"நாங்க நடந்து நடந்து சாவுறோம். இவ உக்காந்துக்கிட்டே மலை ஏறுறா. குடுத்து வச்சவடி," என்றாள்.

"உன் காலக் குடு, நாக்காலிய வச்சுக்க," என்றாள் மருதாம்பாள்.

தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. காலையில் ஆள் பிரிக்கும் பெரட்டில் துரை வாயைத் திறந்தால் ஒருவரும் அசையக் கூடாது. இருமல் வந்தால் விழுங்கிக்கொள்ள வேண்டும். மாடசாமி என்ற ஒரு நாய்கூட வாலைப் பாதியில் நிறுத்திக்கொள்ளும். அப்படிப்பட்ட பெரட்டுக்குத்தான் தனசிங் துரை ஒரு திங்கட்கிழமை புது வாக்கி டாக்கியோடு வந்தார். யானைத் தொல்லைக்காகத் தோட்டத்துக்கு வந்த சாமான். ஃபாக்டரியில் ஒன்று, காட்டோரக் காவல்காரனிடம் ஒன்று, துரை கையில் ஒன்று. பட்டனை அமுக்கிக்கொண்டு பேச வேண்டும், விட்டுவிட்டுக் கேட்க வேண்டும். துரைக்கு அமுக்கத் தெரிந்தது. விடுவதற்கு மனம் வரவில்லை.

நாற்காலியைக் காட்டி வேலை கேட்க வந்து முன்வரிசையில் இருந்த மருதாம்பாளுக்குப் பக்கத்தில் நின்று அவர் பட்டனை அமுக்கிப் பேசத் தொடங்கினார். நாற்காலி ஒரு முழம் முன்னால் போனது. அவள் கை மடியில் இருந்தது. துரை நிறுத்தினார், நாற்காலியும் நின்றது. மறுபடி பேசினார், மறுபடி போனது. பெரட்டு முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டது.

"நான் பேசிட்டிருக்கேன். ஒரு இடத்துல நிக்க மாட்டியாம்மா?"

"நான் நின்னுக்கிட்டுத்தாங்க தொரை இருக்கேன். ஒங்க பேச்சுதான் தள்ளுது."

முந்தானைகள் எல்லாம் ஒரே நேரத்தில் வாய்க்குப் போயின. மூன்றாவது தடவை நாற்காலி இடதுபக்கம் திரும்பித் தண்ணீர் ஓடும் கானை நோக்கி இறங்கியது. அய்யாவு பாய்ந்து பிடிக்காவிட்டால் மகள் கானுக்குள்தான். துரைக்கு முகம் சிவந்துவிட்டது. சொன்ன இடத்தில் நிறுத்தத் தெரியாதவளுக்குத் தராசு எதற்கு என்று கேட்டார். பிறகு மனம் இளகி, சனிக்கிழமை மடுவத்தில் இருப்பேன், லைனில் இருந்து தானாக வந்து காட்டட்டும், இல்லையென்றால் வேலை வேறு ஆளுக்கு என்றார்.

ஜெஸிந்தா சிஸ்டர் வந்து நாற்காலியைச் சுற்றிப் பார்த்துவிட்டு விளக்கினார். பட்டனை அமுக்கும்போது அந்தக் கருவியில் இருந்து ஒரு அலை கிளம்புகிறது. பக்கத்தில் இருக்கும் நாற்காலி அதை மருதாம்பாளின் கை கொடுத்த உத்தரவு என்று நினைத்துக்கொள்கிறது. பிரேக்கை விட்டுவிட்டுக் கிளம்பிவிடுகிறது. தூரப் போனால் அலைக்குப் பலம் இல்லை. கருவியைக் கண்டால் எட்டப் போய்விட வேண்டும். முடியாவிட்டால் முதலில் சுவிட்சை அணைக்க வேண்டும். சரிவில் இது விளையாட்டில்லை என்று இரண்டு தடவை சொன்னார். துரையிடமும் போய்ச் சொன்னார். துரை நம்பவில்லை.

"நான் பேசினா ஆளுங்களே அசைய மாட்டாங்க, சிஸ்டர். நாற்காலியா அசையப் போவுது?"

சனிக்கிழமை வந்தது. மருதாம்பாள் தலைக்குக் குளித்து, மண்டபம் முகாமில் கொடுத்த சேலையைக் கட்டிக்கொண்டு புறப்பட்டாள். அப்பாவைக் கூட வரக்கூடாது என்று சொல்லிவிட்டாள். அவர் ஒரு புதர் விட்டு ஒரு புதர் ஒளிந்து பின்னாலேயே வந்தார். ஃபாக்டரி ரோட்டு ஏற்றம், இரண்டு வளைவு, ஒரு பாலம். எல்லாம் அவள் கையாலேயே. மடுவத்துக்கு முன்னால் மூட்டைகளோடு பெண்கள் நின்றிருந்தார்கள். துரை கருவியோடு நின்றிருந்தார். அவருக்குப் பத்தடிக்கு முன்பாக அவள் நாற்காலியை நிறுத்தினாள். சுவிட்சை அணைக்கக் கட்டைவிரலை அதன்மேல் வைத்தாள்.

அந்தச் சமயம் பார்த்து எதிர்ப்பக்கச் சதுப்பில் இருந்து ஒற்றைக் கொம்பன் யானை ரோட்டில் ஏறியது.

பெண்களுக்குப் பின்னால் சுவர். துரை மூட்டைகளின்மேல் ஏறினார். இது அவரே எதிர்பார்க்காத வேகம். ஏறியவர் பட்டனை அமுக்கினார். காவல்காரனைக் கூப்பிட்டார், ஃபாக்டரியைக் கூப்பிட்டார், பாளையங்கோட்டையில் இருந்த மாமனாரைக் கூப்பிட்டார். விரல் பட்டனை விட்டு எழவேயில்லை. நாற்காலி யானையைப் பார்த்துக் கிளம்பியது.

புதருக்குள் இருந்து அய்யாவு எழுந்ததை மருதாம்பாள் ஓரக்கண்ணால் பார்த்தாள். சுவிட்ச் கட்டைவிரலுக்குக் கீழேதான் இருந்தது. அணைத்தால் நாற்காலி நிற்கும். அப்பா ஓடிவருவார். எல்லாரும் பார்க்க முதுகில் தூக்கிக்கொண்டு ஓடுவார். தராசு போகும். பெண்கள் யானைக்கு முன்னால் அப்படியே நிற்பார்கள்.

அவள் கட்டைவிரலை எடுத்தாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டு இரண்டு கைகளையும் மடியில் வைத்து நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

யானைக்கு ஜீப் தெரியும், தீப்பந்தம் தெரியும், தகர டப்பா தெரியும். காலை அசைக்காமல், கையை அசைக்காமல், உட்கார்ந்த வாக்கில் தன்மேல் ஏற வருகிற ஒரு மனுஷியை அது கண்டதில்லை. ஓரடி பின்வாங்கியது. நாற்காலி எட்டப் போகப் போக வேகம் குறைந்ததைத் துரையும் கவனித்தார். அந்த நேரத்தில் தோட்டத்திலேயே பத்திரமான இடம் மருதாம்பாளின் முதுகுக்குப் பின்னால்தான் என்பதும் அவருக்குப் புரிந்தது. மூட்டையில் இருந்து இறங்கி, பட்டனை அமுக்கியபடியே நாற்காலிக்குப் பின்னால் நடந்தார். பேச விஷயம் தீர்ந்துபோய் பைபிளில் இருந்து சங்கீதம் சொன்னார். சங்கீதத்துக்கு நாற்காலி இன்னும் நன்றாகப் போனது. யானை திரும்பி, வாலை முறுக்கிக்கொண்டு, சதுப்பைத் தாண்டி, தேயிலையைத் தாண்டிக் கேரள எல்லை வரைக்கும் நிற்காமல் ஓடியது. எல்லையைத் தாண்டிய பிறகு அது மலையாளத்தில்தான் பிளிறியது என்று அந்தப் பக்கம் கேட்டவர்கள் சொன்னார்கள்.

இங்கே நாற்காலி சதுப்பின் விளிம்புக்கு வந்துவிட்டது. மருதாம்பாள் திரும்பிப் பார்க்கவில்லை.

"போதுங்க தொரை. பேச்ச நிறுத்துங்க."

துரை விரலை எடுத்தார். நாற்காலி நின்றது. பொகவந்தலாவையில் ஆகட்டும், சேரம்பாடியில் ஆகட்டும், ஒரு துரையைப் பேச்சை நிறுத்தச் சொல்லி அவரும் நிறுத்தியதை அந்தச் சனம் அன்றுதான் பார்த்தது. ஒருவரும் கைதட்டவில்லை. வாய் மூடினால்தானே கை எழும்பும்.

மருதாம்பாள் குச்சியைப் பிடித்து நாற்காலியைத் திருப்பினாள். அவளுக்கு வழிவிட்டுத் துரை ஒதுங்கினார். மடுவத்துக்குத் தானாக வந்து, தராசுக்குப் பக்கத்தில் நிறுத்தி, சுவிட்சை அணைத்தாள்.

"மொத மூட்டைய மாட்டு, சுப்பம்மாக்கா."

சுப்பம்மா மாட்டினாள். எடை கூவியது அடுத்த மலைக்குக் கேட்டது. அய்யாவு முதுகைத் தடவிக்கொண்டே தேத்தண்ணீர் குடிக்கப் போனார். அன்று கடையில் அவர் பேசிய பேச்சுக்குத் துரையின் கருவியே தோற்றுப்போகும்.

அதற்குப் பிறகு பெரட்டில் ஒரு புது வழக்கம் வந்தது. துரை கருவியைத் தொடுவதற்கு முன்னால் முன்வரிசையைப் பார்ப்பார்.

"மருதாம்பா, அணைச்சிட்டியா?"

அவள் உடனே பதில் சொல்ல மாட்டாள். முந்தானையைச் சரிசெய்வாள், வானத்தைப் பார்ப்பாள். துரை காத்திருப்பார். பெரட்டு முழுக்கக் காத்திருக்கும்.

"அணைச்சாச்சுங்க தொரை. இப்பப் பேசலாம்."

அந்த நாற்காலிக்கான பாட்டரி கப்பலில் வேறொரு பெட்டியில் மாட்டிக்கொண்டு, கொச்சியில் தங்கி, சேரம்பாடிக்கு வந்து சேர்ந்தது அதற்கு அடுத்த வருடம். அப்போது மருதாம்பாள் தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெகுநாள் ஆகியிருந்தது.