அனுப்பி வைக்கும் தாளம்

வடக்கு மலையூரான அல்மோடாவின் அரங்கில் மதியமே கூட்டம் நிறைந்துவிட்டது. ஹன்ஸிக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒலிப்பெட்டியில் செருகிய கம்பிகளையே பிடுங்கிப் பிடுங்கிச் செருகினாள்.

"அந்தக் கம்பிக்கு வாயிருந்தா அழுதுடும், அக்கா," என்றான் சித்தப்பா மகன் கேசர். வெண்கலத் தட்டை வாசிப்பவன் அவன்.

"உன் வேலையப் பாரு. கங்கநாத் சாமி பேரு மட்டும் உன் வாயில வந்துடக் கூடாது. பேரு சொல்லலேன்னா சாமி வராது, அது வெறும் கதைதான்."

அப்படித்தான் அவள் நம்பியிருந்தாள். சாமியைப் பாடி இறக்கும் ஜாகர் சடங்கில் எல்லாவற்றுக்கும் ஒரு வரிசை உண்டு. தோளில் தொங்கும் ஹுட்கா என்ற உடுக்கையின் வாரை இறுக்கினால் தோல் விறைத்துச் சத்தம் மேலேறும், தளர்த்தினால் இறங்கும். கதை மெதுவாகத் தொடங்கும். மனிதனாக இருந்த கங்கநாத் வஞ்சகமாகக் கொல்லப்படும் இடத்தில் வார் இறுகும், தாளம் ஓடும், சாமி ஒருவர் மேல் இறங்கும். கேட்க வேண்டியதைக் கேட்டபின் வார் தளரும்; மெல்லிய தாளத்தில் சாமியைப் பனிமலைக்கு அனுப்பி வைப்பார்கள். அழைத்தவரே அனுப்ப வேண்டும்.

ஊரில் ஜாகர் நடத்தும் அப்பாவின் வாசிப்பை ஹன்ஸி பதிவு செய்து, அந்த ஓடும் தாளத்தை மட்டும் வெட்டியெடுத்திருந்தாள். காலடியிலிருந்த பெட்டியை மிதித்தால் அது ஓயாமல் திரும்பத் திரும்ப ஒலிக்கும்; மறுபடி மிதித்தால்தான் நிற்கும். அதற்கு மேலே, பனிப்பாறை விரிசல் விடுவதுபோல் இழுத்து நீட்டிய கேசரின் தட்டோசை. நடுவே, பெயரில்லாத ஒருவன் கொலையான கதையை அவள் பாடுவாள்.

நிகழ்ச்சி தொடங்கி, பெட்டியை மிதித்து, கதையில் பாதி தாண்டியபோதுதான் பார்த்தாள். மூன்றாம் வரிசையில் பருலி அத்தை. அப்பாவின் தங்கை. வருவதாகச் சொல்லவே இல்லை. ஊரில் கங்கநாத் இறங்குவது அவள் மேல்தான்.

அத்தையின் தோள்கள் உதறின. முக்காடு நழுவிற்று. கூந்தல் அவிழ்ந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் கைகூப்பி எழுந்தார்கள். முன்வரிசைப் பையன்கள் இதுவும் நிகழ்ச்சிதான் என்று நினைத்துக் கைபேசியைத் தூக்கினார்கள்.

"நிறுத்து அக்கா!"

மிதிக்கப் போன ஹன்ஸியின் கால் அந்தரத்தில் நின்றது. "நிறுத்தினா சாமி போகாம அத்தை நடுவழியில நிக்கும்டா!"

"அனுப்புற தாளத்தைப் போடு, அப்ப!"

"அதைப் பதியவே இல்ல."

தேவையில்லை என்று விட்டிருந்தாள். பெட்டி அழைத்துக்கொண்டே இருந்தது. அத்தை எழுந்து மூச்சுத் திணறிக் குரல் எழுப்பினாள்.

ஹன்ஸியின் பார்வை பெட்டியில் வேகத்தைக் குறைக்கும் குமிழில் விழுந்தது. அதைத் திருப்பினால் தாளம் மெதுவாகும். சத்தமும் கூடவே கீழே இறங்கும். வாரைத் தளர்த்தும்போது அப்பாவின் கை செய்வதும் அதுதானே! குனிந்து திருப்பினாள். அவசரத்தில் அதிகம் திருப்பிவிட்டாள்; அத்தை முழங்காலில் சரிந்தாள். ஹன்ஸி பதறிப் பின்னுக்குத் திருப்பினாள். பிறகு மயிரிழை மயிரிழையாக மறுபடி. கேசர் தாளத்தின் இறக்கத்தைத் தட்டில் பிடித்துக்கொண்டான்.

அனுப்பும் பாட்டைச் சிறுவயதில் சுவருக்கு இந்தப்புறமிருந்து கேட்டதுதான். ஆனால் பேரில்லாத ஒருவரை எங்கே அனுப்புவது? முதல் தடவையாகப் பேரைச் சொன்னாள்.

"கங்கநாதா, வந்த வழியே போ. குதிரை காத்திருக்கு, பனி காத்திருக்கு. எங்களுக்கு நல்லது சொல்லிட்டுப் போ."

தாளம் நடையாயிற்று. பின் தயங்கிய நடை. அத்தையின் தலை மெதுவாக மார்பில் சாய்ந்தது. அப்போதுதான் ஹன்ஸி பெட்டியை மிதித்தாள்.

கைதட்டல் அடங்குமுன்பே அவள் கீழே ஓடினாள். அத்தை தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

"இழுத்தடிச்சிட்டியேடி! கூப்பிடத் தெரிஞ்சவளுக்கு அனுப்பத் தெரிய வேணாம்?"

"பேரு சொல்லலியே அத்தை…"

"உங்க அப்பன் கை அது. அதுக்குப் பேரு எதுக்கு?"

ஹன்ஸி அருகில் உட்கார்ந்தாள். பெட்டி நின்ற பிறகும் அவள் முழங்கால் அந்த ஓடும் தாளத்திலேயே துள்ளிக்கொண்டிருந்தது. அத்தை அதன்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள்.

"இதையும் அனுப்பு," என்றாள்.

ஹன்ஸி முயன்றாள். முழங்கால் கேட்கவில்லை.