பிரேக் மாஸ்டரின் வலது கால்

முகத்துக்கு எதிரே எல்லோரும் அவரை மாஸ்டர் என்பார்கள். முதுகு திரும்பினால் பிரேக் மாஸ்டர். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது தொழில். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, தன் காலடியில் உள்ள இரண்டாவது பிரேக்கை மிதித்து மாணவர்களையும் ஊரையும் காப்பாற்றி வந்தவர். அந்தப் பழக்கம் காரோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பஸ்ஸில் போனாலும் மிதிப்பார். டி.வி.யில் கார் துரத்தல் வந்தால் சோபாவிலிருந்தே மிதிப்பார். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். இவர் விஷயத்தில் அந்தக் கடைசி வண்டியை ஓட்டுகிறவனும் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருப்பது நல்லது. ஓடும் வண்டியில் அவர் கண் மூடியதை இதுவரை யாரும் பார்த்ததில்லை.

கொஞ்ச நாளாகப் படி ஏறினால் நெஞ்சில் பாரம். டிரெட்மில்லில் ஓட விட்டுப் பார்த்த டாக்டருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"தொடை இடுக்கு வழியா ஒரு மெல்லிசான குழாய விட்டு, இதயத்தோட இடது பக்கம் வரைக்கும் போய்ப் பாத்துடலாம். ரத்தக்குழாய்ல அடைப்பு இருக்கா, வால்வு ஒழுங்கா மூடுதா, உள்ள பிரஷர் எவ்வளவு, எல்லாம் தெரிஞ்சிடும்."

"கை வழியா போக முடியாதா டாக்டர்?"

"உங்க கையில ரத்தக்குழாய் ரொம்பச் சின்னது. அது சந்து. தொடைதான் மெயின் ரோடு."

மெயின் ரோடு என்றதும் மாஸ்டருக்குப் பாதி சம்மதம். டாக்டர் மீதியையும் சொன்னார். குத்துகிற இடத்தில் ரத்தம் கசியலாம், வீங்கலாம். படம் எடுக்கச் செலுத்தும் மருந்து சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, கிட்னிக்குச் சிரமம் கொடுக்கலாம். துடிப்பு தாறுமாறாகலாம். ரொம்ப அபூர்வமாக மாரடைப்பு, பக்கவாதம்...

மேஜைக்கு அடியில் மாஸ்டரின் கால் எதையோ ஓங்கி மிதித்தது. குப்பைக்கூடையின் மூடி 'படக்'கென்று திறந்தது.

"எல்லாத்தையும் விட முக்கியமானது ஒண்ணு இருக்கு" என்றார் டாக்டர். "முடிஞ்சப்புறம் சாயங்காலம் வரைக்கும் வலது கால் அசையவே கூடாது."

மாஸ்டரின் மனைவி டாக்டரைப் பார்க்கவில்லை. குப்பைக்கூடையைப் பார்த்தாள்.

குறித்த நாளில், ஐஸ் பெட்டி மாதிரி குளிர்ந்த அறையில், குறுகலான மேஜைமேல் படுக்க வைத்தார்கள். தொடை இடுக்கில் மரத்துப்போக ஊசி. லேசான மயக்க மருந்து.

"கண்ண மூடித் தூங்குங்க சார்" என்றாள் நர்ஸ்.

"அடுத்தவங்க ஓட்டும்போது எனக்குத் தூக்கம் வராது சிஸ்டர்."

திரையில் குழாய் மேலே மேலே ஏறியது. நெஞ்சுக்கு மேலே பெரிய வளைவு வந்தது. "வளைவுல மெதுவா டாக்டர்!" என்று மாஸ்டர் கத்தினார். டாக்டரின் கை நின்றது.

"மாஸ்டர், இந்த வண்டியில ஒரே ஒரு ஸ்டியரிங்தான். அது எங்கிட்ட இருக்கு."

குழாய் இதயத்தின் உள்சுவரைத் தொட்டதும் துடிப்பு ஒரு கணம் தடுமாறியது. வலது கால் கிளம்பப் பார்த்தது. நர்ஸ் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். "இப்ப மருந்து போகுது. உடம்பெல்லாம் சூடாகும், யூரின் போயிட்ட மாதிரி தோணும். போயிருக்காது, பயப்படாதீங்க."

சூடு பரவியது. மாஸ்டரின் மானம் ஊசலாடியது.

"நிஜமா போகலையே?"

"போகல சார்."

"எதுக்கும் ஒரு தடவ பாத்துடுங்க சிஸ்டர்."

கடைசியில் டாக்டர் சொன்னார்: "வால்வு, பிரஷர் எல்லாம் நல்லா இருக்கு. ஒரு கிளையில மட்டும் லேசான சுருக்கம். மாத்திரை போதும்." நெஞ்சு தப்பித்தது. இனி காலைக் காப்பாற்ற வேண்டும்.

வார்டில் அந்தக் கால் நல்ல பிள்ளையாக நீட்டிக் கிடந்தது. மாஸ்டர்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

"கொஞ்ச நாளைக்கு நான் ஓட்டக் கூடாதாமே. கார் கீழ நிக்குது. யார ஓட்டச் சொல்றது?"

"நான் ஓட்டுறேன்" என்றாள் மனைவி.

"நீயா?"

"லைசென்ஸ் வாங்கியாச்சு. பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல இருக்கே, அந்த டிரைவிங் ஸ்கூல்ல கத்துக்கிட்டேன்."

அந்த ஸ்கூல்காரரிடம் படித்தவன் சுவரில் முட்டித்தான் வண்டியை நிறுத்துவான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவர் மாஸ்டர். வாய் திறப்பதற்குள் கால் முந்திக்கொண்டது. முழங்கால் மடங்கி, கட்டிலின் கால்மாட்டுக் கம்பியை ஓங்கி மிதித்தது.

"சிஸ்டர், திரும்ப மருந்து விட்டாங்களா?" என்றார் மாஸ்டர். "சூடா, யூரின் போன மாதிரி இருக்கு."

போர்வையைத் தூக்கிப் பார்த்த நர்ஸின் முகம் மாறியது. படுக்கையில் ரத்தம். தொடை இடுக்கில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம். இரண்டு கையையும் வைத்து, உடம்புப் பாரம் முழுவதையும் கொடுத்து அமுக்கினாள். "அம்மா, முட்டியப் புடிங்க. விட்றாதீங்க!"

மனைவி அழுதுகொண்டே இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். மாஸ்டருக்கு உண்மையிலேயே பயம் வந்துவிட்டது. ஆனால் அவரை உலுக்கியது மனைவியின் அழுகை.

"ஓட்டக் கத்துக்கொடுன்னு எங்கிட்ட ஏன் கேக்கல?" என்றார் மெதுவாக.

"கேட்டேனே, கல்யாணம் ஆன புதுசுல! தெருமுனை போறதுக்குள்ள எத்தன தடவ மிதிச்சீங்க? பாதியில இறங்கி நடந்தேன். உங்க காருக்கு முன்னாடி நான் வீடு வந்து சேந்தேன்." நர்ஸ் சிரிப்பை அடக்கியபடி அமுக்கினாள். "உங்களுக்கு நெஞ்சு வலிச்சா, நான் ரோட்டுல நின்னு போற வண்டிக்கெல்லாம் கை காட்டணுமா? அதுக்குத்தாங்க கத்துக்கிட்டேன்."

மாஸ்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

வெகுநேரம் அமுக்கிய பிறகு ரத்தம் நின்றது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. டாக்டர் வந்து, இன்று வீட்டுக்கு இல்லை என்று கோபமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் வீக்கம் வடிந்திருந்தது. "கால வச்சு எதையாவது மிதிச்சீங்க, திரும்ப இங்கதான்" என்று நர்ஸ் எச்சரித்து அனுப்பினாள். கீழே வந்ததும், பழக்க தோஷத்தில் மாஸ்டர் காரின் முன் கதவைத் திறக்கப் போனார். மனைவி தடுத்தாள்.

"அங்க உங்க பெடல் இருக்கு. பின்னாடி ஏறுங்க."

சொந்தக் காரின் பின் சீட்டு எப்படி இருக்கும் என்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது. காலை நீளவாக்கில் போட்டுக்கொண்டு, தொடை இடுக்கில் போட்டிருந்த கட்டின்மேல் கையை அழுத்தி, குறை கண்டுபிடிக்கத் தயாரானார். அவள் சீட்டைச் சரிசெய்தாள். கண்ணாடியைத் திருப்பினாள். பெல்ட் போட்டாள். எல்லாம் சரி. அதுவே எரிச்சலாக இருந்தது.

முதல் சந்திப்பில் ஒரு லாரி குறுக்கே வந்தது. மாஸ்டரின் தொடை இறுகியது. கால் மிதிக்கக் கிளம்பும் முன்பே கார் குலுங்காமல் நின்றிருந்தது. லாரி போனது. கார் நகர்ந்தது. அப்புறம் ஒரு சைக்கிள், அப்புறம் ஒரு பள்ளிக்கூட வாசல். ஒவ்வொரு தடவையும் கால் கொஞ்சம் தாமதமாகவே இறுகியது.

"என்னங்க, வீடு வந்துருச்சு."

மாஸ்டர் திடுக்கிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார். வலது கால் சீட்டில் துவண்டு கிடந்தது.

"சொல்லுங்க, எப்படி ஓட்டினேன்? எத்தன தப்பு?"

"தெரியல" என்றார் வெட்கத்தோடு. "தூங்கிட்டேன்."

மனைவி எஞ்சினை அணைத்தாள். கண்ணாடியில் அவள் கண் கலங்கியிருப்பது தெரிந்தது. பிறகு திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

மாஸ்டருக்கு அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் வேறொரு கவலை வந்துவிட்டது.

"இத மட்டும் அந்த பஸ் ஸ்டாண்ட் ஆள்கிட்ட சொல்லிடாத."